அணு உலையா, சூரியனும் காற்றுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று சொன்னால் இப்போது பெரும்பாலானோர் தலையாட்டுவார்கள். சரி, அதன் இடத்தில் எது என்று கேட்டால்தான் பேச்சு தடிக்கிறது. ஒரு பக்கம் அணு உலைக்காரர்கள், மறுபக்கம் சோலார், காற்றாலைக்காரர்கள். இந்த வாக்குவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். நடுநிலை என்று பாவனை செய்யவில்லை. எனக்கென்று ஒரு கருத்து உண்டு, படிக்கப் படிக்கத் தெரிந்துவிடும்.

இரண்டுமே புகை விடாதவைதானே, பிறகு எதற்குச் சண்டை?

கார்பன் கணக்கை மட்டும் பார்த்தால் சண்டைக்கு இடமே இல்லை. சுரங்கம் தோண்டுவது, கட்டுவது, ஓட்டுவது, கடைசியில் இடித்து அகற்றுவது வரை எல்லாவற்றையும் சேர்த்து, காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2014இல் வெளியிட்ட இடைநிலை மதிப்புகள் இவை: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு (மற்ற வாயுக்களையும் அதற்கு ஈடாகக் கணக்கிட்டு) நிலக்கரியில் 820 கிராம், எரிவாயு 490, பெரிய சோலார் பண்ணை 48, அணு உலை 12, தரையில் நிற்கும் காற்றாலை 11. சோலாரின் எண் அதற்குப் பிறகு இன்னும் இறங்கியிருக்கிறது. 48க்கும் 12க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவர்கள் அந்த 820ஐ ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம்.

சண்டை நடப்பது வேறு விஷயங்களில்: பாதுகாப்பு, கழிவு, செலவு, கட்டி முடிக்க ஆகும் காலம், இரவில் என்ன செய்வது, கட்டுப்பாடு யார் கையில் என்பவற்றில். இதில் நாம் அதிகம் பேசுவது பாதுகாப்பைப் பற்றி. முடிவைத் தீர்மானிப்பது என்னவோ செலவும் காலமும்தான்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றால் சோலாரும் காற்றாலையும் மட்டும்தானா? இப்போது யார் எவ்வளவு தருகிறார்கள்?

அதில் இன்றும் மூத்த பங்காளி நீர்மின்சாரம்தான். 2024இல் உலகின் மொத்த மின்சாரத்தில் நீர் சுமார் 14 சதவீதம், காற்று 8, சூரிய ஒளி 7. புவிவெப்பம், தாவரக் கழிவு எல்லாம் சேர்த்துப் புதுப்பிக்கத்தக்கவை மொத்தம் 32 சதவீதத்தைத் தொட்டன. அணுசக்தி சுமார் 9 சதவீதம். 1996இல் அது 17 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. உற்பத்தி சரிந்ததால் வந்த இறக்கம் இல்லை இது. உலகின் தேவை ஏறிக்கொண்டே போனது, உலைகளின் உற்பத்தி கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றுவிட்டது.

அதனால், ஒரு நாடு நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் ஓடுகிறது என்று யாராவது சொன்னால், அங்கே மலையும் ஆறும் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். நார்வேயும் ஐஸ்லாந்தும் செய்ததை எல்லாராலும் செய்ய முடியாது. புவியியல் கடையில் கிடைக்காது.

அணு உலை அணுகுண்டு போல வெடிக்குமா?

வெடிக்காது. இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் பிளவுபடக்கூடிய யுரேனியம் 235 வெறும் 0.7 சதவீதம். பெரும்பாலான உலைகளுக்கு அதை 3 முதல் 5 சதவீதம் வரை செறிவூட்டுவார்கள். குண்டுக்கு 90 சதவீதம் அளவுக்கு வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறு மாதிரியானது. உலையை நிறுத்திய பிறகும் அது சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பிளவு வினை நின்றாலும், பிளவில் உண்டான தனிமங்கள் தொடர்ந்து சிதைந்து வெப்பம் விடும். நிறுத்திய அந்தக் கணத்தில் முழுத் திறனில் 6, 7 சதவீதம், ஒரு நாள் கழித்தும் சுமார் அரை சதவீதம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் 6 சதவீதம் என்றால் 180 மெகாவாட். தண்ணீர் ஓட்டம் நின்றால் எரிபொருள் தானாகவே உருகும்.

ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று இதுதான் நடந்தது. நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகவே நின்றன. அதற்குப் பிறகு வந்த சுனாமி சுமார் 14 மீட்டர் உயரம். அங்கே கணக்குப் போட்டு வைத்திருந்ததோ 6 மீட்டருக்கும் குறைவு. டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின, பம்புகள் நின்றன, மூன்று உலைகள் உருகின, ஹைட்ரஜன் சேர்ந்து கட்டடங்கள் வெடித்தன. செர்னோபில் (1986 ஏப்ரல் 26) கதை வேறு. அந்த உலையின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது. குறைந்த திறனில் ஓட்டினால் நிலை தடுமாறும், அவசரமாக நிறுத்தும் தண்டுகளின் நுனியில் கிராஃபைட் இருந்ததால் நிறுத்தப் போன முதல் சில விநாடிகளில் வினை கூடியது. மேற்கு நாடுகளின் உலைகளைச் சுற்றி இருக்கும் கனமான கான்கிரீட் கவசமும் அங்கே கிடையாது. 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் உலையின் மையம் பாதி உருகியும் வெளியே பெரிதாக எதுவும் வராததற்கு அந்தக் கவசம்தான் காரணம்.

சரி, எத்தனை பேர் இறந்தார்கள்? எது பாதுகாப்பானது?

செர்னோபில்லில் விபத்திலும் கடும் கதிர்வீச்சிலும் உடனடியாகவும் சில மாதங்களிலும் இறந்தவர்கள் சுமார் 30 பேர். பிற்காலப் புற்றுநோய்களையும் சேர்த்து, மிக அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடையே 4000 வரை போகலாம் என்பது 2005இல் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து சொன்ன மதிப்பீடு. இதைவிட மிக அதிகம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகளாக இருந்தபோது கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்தவர்களிடையே ஆயிரக்கணக்கில் தைராய்டு புற்றுநோய் வந்தது. பால் விநியோகத்தை உடனே நிறுத்தியிருந்தால் அதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒரு தொழிலாளியின் நுரையீரல் புற்றுநோயை. ஆனால் அவசரமாக இடம்பெயர்த்ததில் முதியோரும் நோயாளிகளுமாக 2000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

நூறு கோடி யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை உயிர் என்ற கணக்கும் உண்டு. விபத்தையும் காற்று மாசையும் சேர்த்தால் நிலக்கரி சுமார் 25, எண்ணெய் 18, எரிவாயு 3, நீர்மின் 1.3. காற்றாலை, அணு, சோலார் மூன்றுமே 0.05க்குக் கீழே. நீர்மின்னின் எண் உயர்ந்து நிற்பதற்கு ஒரே ஒரு நிகழ்வுதான் முக்கியக் காரணம்: 1975இல் சீனாவில் பான்சியாவ் அணை உடைந்தது. அதில் இறந்தவர்கள் பல்லாயிரம், பின்னால் வந்த பஞ்சத்தையும் நோயையும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும் என்ற மதிப்பீடும் உண்டு. அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? செர்னோபில் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே "அணு உலை கொல்லும்" என்ற வாதம் எண்களின் முன் நிற்காது. அதற்காக உயிர்க் கணக்கோடு விஷயத்தை மூடிவிடவும் முடியாது. ஃபுகுஷிமாவைச் சுற்றி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனார்கள். பலர் திரும்பவே இல்லை. ஓர் ஊர் முழுக்கக் காலியாவதை உயிர் இழப்புப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? காற்றாலை சாய்ந்தால் ஊர் காலியாவதில்லை. பயப்படுகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று கேலி செய்யும் அணு ஆதரவாளர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கதிரியக்கத்தோடு கிடக்கும் கழிவை என்ன செய்வது?

முதலில் அளவு. 1000 மெகாவாட் உலை ஆண்டுக்கு 25 முதல் 30 டன் பயன்படுத்திய எரிபொருளைக் கழிக்கும். யுரேனியம் மிகக் கனமானது என்பதால் அது அடைக்கும் இடம் சில கன மீட்டர்தான். அதே திறனுள்ள அனல்மின் நிலையம் ஆண்டுக்கு 30 லட்சம் டன் நிலக்கரியை எரிக்கும். அதன் சாம்பல் மலையாகக் குவியும், புகை நம் நுரையீரலுக்குள் போகும்.

அடுத்தது, காலம். கதிரியக்கத்தில் ஒரு விதி உண்டு: வேகமாகச் சிதைவது கடுமையாகச் சுடும், சீக்கிரம் தீரும். மெதுவாகச் சிதைவது நெடுங்காலம் இருக்கும், ஆனால் அந்தந்தக் கணத்தில் விடும் கதிர்வீச்சு குறைவு. சீசியம் 137, ஸ்ட்ரான்சியம் 90 இரண்டுக்கும் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 30 ஆண்டு. 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். புளூட்டோனியம் 239க்கு அரை ஆயுள் 24,000 ஆண்டு. முதல் சில நூற்றாண்டுகளுக்கு அருகில் போகவே கூடாது. அதற்குப் பிறகு மூச்சிலோ குடிநீரிலோ கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. "லட்சம் ஆண்டு கொடிய விஷம்" என்று ஒரே வீச்சில் சொல்லும்போது இந்த இரண்டும் குழம்பிப்போகின்றன.

தீர்வு ஒன்று கையில் இருக்கிறது: ஆழப் புதைப்பது. பின்லாந்தில் ஓன்கலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் கீழே, இருநூறு கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த வயதுள்ள பாறையில் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். எரிபொருள் வார்ப்பிரும்பு உறைக்குள் போகும், அதைச் சுற்றிச் செம்புக் கூடு, அதைச் சுற்றி ஈரம் பட்டால் உப்பும் பென்டோனைட் களிமண். அங்கே வேலை நடந்ததற்குப் பாறை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் நடைமுறை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உள்ளூராட்சிக்குச் சட்டப்படி இருந்தது, அந்த உரிமையை வைத்துக்கொண்டே அவர்கள் சம்மதித்தார்கள். அமெரிக்காவில் 1987இல் நாடாளுமன்றம் நெவாடாவின் யக்கா மலையைத் தானே தேர்ந்தெடுத்து மாநிலத்தின் தலையில் கட்டியது. பல நூறு கோடி டாலர் செலவழித்த பிறகு திட்டம் முடங்கிக் கிடக்கிறது. கழிவு, உலை வளாகங்களில் இரும்பும் கான்கிரீட்டுமான பீப்பாய்களில் நிற்கிறது. அது உடனடி ஆபத்து இல்லை. ஆனால் தற்காலிகம் என்று வைத்தது நிரந்தரமாவதை யாரும் தீர்வு என்று சொல்ல முடியாது.

சோலார் பக்கமும் கழிவு உண்டு. 2050க்குள் பழைய பேனல்கள் மொத்தம் 7.8 கோடி டன் வரை சேரலாம் என்று பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2016இல் மதிப்பிட்டது. பெரும்பகுதி கண்ணாடியும் அலுமினியமும், மறுசுழற்சி செய்யக்கூடியவை. செய்ய வைக்கச் சட்டம் வேண்டும், அவ்வளவுதான்.

எது மலிவு?

இங்கேதான் அணு ஆதரவாளர்கள் உண்மையிலேயே பதில் சொல்லக் கஷ்டப்படுகிறார்கள்.

பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ 3ஆம் உலை 2005இல் தொடங்கியது, 2009இல் முடிய வேண்டியது, முறையாக மின்சாரம் தரத் தொடங்கியது 2023இல். பிரான்சின் ஃபிளமான்வில் 3ஆம் உலை 2007இல் தொடங்கி 2012இல் முடியும் என்றார்கள், மின்தொகுப்பில் இணைந்தது 2024 டிசம்பரில். 330 கோடி யூரோ என்ற மதிப்பீடு 1300 கோடியைத் தாண்டியது. அமெரிக்காவின் வோக்டல் நிலையத்தில் இரண்டு புதிய உலைகளுக்கு முதலில் சொன்னது சுமார் 1400 கோடி டாலர், முடிந்தபோது 3000 கோடிக்கு மேல். தெற்கு கரோலைனாவில் வி.சி. சம்மர் உலைகள் இரண்டையும் 2017இல் பாதியில் கைவிட்டார்கள். சுமார் 900 கோடி டாலர் போனது, ஒரு யூனிட் மின்சாரம்கூட வரவில்லை.

ஏன் இப்படி? விதிமுறைதான் காரணம் என்று ஒரு தரப்பு சொல்லும். பாதி உண்மை. மீதிப் பாதி: வரைபடம் முடிவதற்குள் கான்கிரீட் போட ஆரம்பித்தார்கள், ஒரு தலைமுறை இடைவெளியில் வெல்டர் முதல் மேற்பார்வையாளர் வரை அனுபவசாலிகள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், ஒவ்வொரு உலையையும் புதிய வடிவமாகக் கட்டினார்கள். தாமதமானால் வட்டி ஏறும். அணு உலையின் செலவில் பெரும்பகுதி முதல் யூனிட் வருவதற்கு முன்பே போய்விடுகிறது. அதனால் வட்டி விகிதம் 3 சதவீதத்திலிருந்து 10க்கு ஏறினால் யூனிட் அடக்கவிலை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மின்சார விலையைத் தீர்மானிப்பது இயற்பியலைவிட வங்கி என்று சொல்லலாம்.

இதற்கு மாற்று உதாரணமும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில் ஒரே வடிவத்தில் நான்கு உலைகள், 5600 மெகாவாட், 2012இல் தொடங்கி 2024இல் நான்காவதும் ஓடத் தொடங்கியது. அந்த நாட்டின் மின்சாரத்தில் கால்பங்கு அதிலிருந்து வருகிறது. கட்டியவர்கள் கொரியர்கள், தங்கள் நாட்டில் இதே வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தவர்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பிரான்ஸ் 1974இல் எடுத்த முடிவும் இப்படித்தான்: ஒரே மாதிரி உலைகள், தொடர்ந்து கட்டுவது. பதினைந்து ஆண்டுகளில் சுமார் 50 உலைகள் எழுந்தன. அரசு பின்னால் நின்று பணம் போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கம் பார்த்தால், பெரிய சோலார் நிலையங்களின் யூனிட் அடக்கவிலை உலகச் சராசரியில் 2010இல் 46 அமெரிக்க சென்ட், 2023இல் 4.4 சென்ட். பேனல் தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் அச்சடித்தது போல வருகிறது. செய்யச் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள், விலை இறங்குகிறது. ஒரு பண்ணை ஓரிரு ஆண்டில் எழுந்துவிடும். நடுவில் ஏதாவது தவறினால் நூறு மெகாவாட்டோடு போகும், நாட்டின் கருவூலம் காலியாகாது.

அந்த 4.4 சென்ட் பகலுக்கு மட்டும்தானே? இரவில் என்ன செய்வது?

சரியான கேள்வி. யூனிட் அடக்கவிலை என்ற எண்ணில் எப்போது கிடைக்கும் மின்சாரம் என்ற தகவல் இல்லை. மதியம் மலிந்து கிடக்கும் யூனிட்டும் மாலை ஏழு மணிக்கு எல்லாரும் கேட்கும் யூனிட்டும் ஒன்றில்லை.

"சூரியன் மறைந்துவிடுமே" என்று இன்றும் வெற்றிச் சிரிப்போடு சொல்பவர்கள் பேட்டரி விலையைச் சமீபத்தில் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். லித்தியம் பேட்டரித் தொகுதி ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 2010இல் ஆயிரம் டாலருக்கு மேல், 2024இல் 115 டாலர். கலிபோர்னியாவில் பேட்டரிகளின் திறன் 2024இல் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு மாலை, சிறிது நேரத்துக்கு மாநிலத்தின் மிகப் பெரிய மின் ஆதாரமே பேட்டரிகள்தான். பகலில் சேர்த்து மாலையில் கொடுக்கும் நான்கு மணி நேரப் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. வெயில் சீரான பிரதேசங்களில் இரவு முழுக்கவும் சமாளிக்கும் நாள் தூரத்தில் இல்லை.

தீராதது வேறொன்று. வட ஐரோப்பாவில் குளிர்காலத்தில் சில வேளை பல நாட்கள் காற்றும் இருக்காது, வெயிலும் இருக்காது. 2024 டிசம்பர் 12 அன்று ஜெர்மனியில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் யூனிட்டின் சந்தை விலை 936 யூரோ வரை போனது. நான்கு மணி நேரத்துக்குச் செய்த பேட்டரியால் ஒரு வாரத்தைத் தாங்க முடியாது. அதற்கு வேண்டியது நீர்த்தேக்கம், நாடு கடந்த மின்தடம், தேவையைத் தள்ளிப்போடுதல், இல்லையென்றால் எப்போதாவது ஓடும் எரிவாயு நிலையம். டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறது, 1985இலேயே அணு உலை வேண்டாம் என்று முடிவெடுத்த நாடு. காற்று ஓயும்போது நார்வேயின் நீர்மின்சாரமும் சுவீடனின் மின்சாரமும் வருகின்றன. சுவீடனில் அணு உலைகள் உண்டு! குறை சொல்ல வரவில்லை, நல்ல அண்டை வீட்டாரும் ஒரு மின் ஆதாரம்தான்.

முதல் 70, 80 சதவீதத்துக்குச் சூரியனும் காற்றும் மலிவு. கடைசி 20 சதவீதம் இழுத்தடிக்கும். அணு ஆதரவாளர்களின் வலுவான வாதம் அந்த 20 சதவீதத்தில் இருக்கிறது, விபத்து வாதத்தில் நேரத்தைப் போக்காமல் அதை எடுத்துப் பேசலாம்.

அணு உலை மட்டும் 24 மணி நேரமும் ஓடுமா?

நன்றாக நடத்தினால் ஆண்டில் 90 சதவீத நேரம் ஓடும். ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எரிபொருள் மாற்ற நிறுத்த வேண்டும், அது திட்டமிட்ட நிறுத்தம். திட்டமிடாததும் நடக்கும். 2022இல் பிரான்சில் குழாய்களில் விரிசல் கண்டதால் பல உலைகளை ஒரே சமயத்தில் நிறுத்த வேண்டி வந்தது. கூடவே ஆறுகள் சூடாகிச் சில உலைகள் உற்பத்தியைக் குறைத்தன. அந்த ஆண்டு உற்பத்தி 30 ஆண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது, வழக்கமாக மின்சாரம் விற்கும் நாடு வாங்க வேண்டியதாயிற்று. ஒரே வடிவத்தில் கட்டினால் மலிவு, ஆனால் ஒன்றில் வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

அப்படியென்றால் இரண்டையும் சேர்த்து வைத்தால் பொருந்துமா?

வெளியிலிருந்து பார்க்கத் தெரியும் அளவுக்குப் பொருத்தம் இல்லை. அணு உலைக்கு எரிபொருள் செலவு சொற்பம், கட்டிய செலவு மலை. அதனால் எப்போதும் முழுத் திறனில் ஓடினால்தான் கட்டுப்படியாகும். சோலார் அதிகமுள்ள தொகுப்பில் மதியம் மின்சாரத்தின் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அப்போது உலையைக் குறைத்து ஓட்டலாம், பிரான்ஸ் அதைச் செய்கிறது, ஆனால் மிச்சமாவது ஒன்றுமில்லை. சோலாருக்கு நல்ல ஜோடி நினைத்த நேரத்தில் திறந்து மூடக்கூடிய அணை. அணு உலைக்கு நல்ல ஜோடி இரவும் பகலும் ஒரே அளவு தேவைப்படும் உருக்காலை, தரவு மையம் போன்றவை. மைக்ரோசாஃப்ட் 2024இல் த்ரீ மைல் ஐலண்டின் விபத்துக்கு ஆளாகாத முதல் உலையிலிருந்து 20 ஆண்டுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டது இதனால்தான். கட்டுப்படியாகவில்லை என்று 2019இல் மூடிய உலை அது.

2025இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருட்டில் மூழ்கியதற்குச் சோலார்தானே காரணம்?

ஏப்ரல் 28 அன்று நடந்தது மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்ட சம்பவம். மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய மரபான நிலையங்கள் அந்த வேலையைப் போதுமான அளவு செய்யவில்லை. சோலார் நிலையங்களை அந்த வேலையைச் செய்ய அப்போதைய விதிகள் கேட்கவே இல்லை, அவற்றின் இன்வெர்ட்டர்களுக்கு அது முடியும் என்றபோதிலும். விதியை மாற்றினால் தீரும் பிரச்சினை. ஆனால் மரபான நிலையங்களில் இருக்கும் பெரிய சுழலிகள் (டர்பைன்கள்) குறைந்த மின்தொகுப்பை நடத்துவது புது வித்தை என்பதை அது காட்டிவிட்டது.

எவ்வளவு நிலம் வேண்டும்?

1000 மெகாவாட் உலை சில சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும். அது ஆண்டுக்குத் தரும் சுமார் 800 கோடி யூனிட்டைச் சோலாரில் எடுக்க 4500 மெகாவாட் பேனலும் சுமார் 90 சதுர கிலோமீட்டரும் வேண்டும். கூரை, வாய்க்கால், நீர்த்தேக்கம் மேல் போடுவதைக் கழித்துக்கொள்ளுங்கள். காற்றாலைகளுக்கு நடுவே விவசாயம் நடக்கும். நெருக்கமான சிறு நாடுகளுக்கு இது பெரிய கேள்வி, மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை.

சிறிய உலைகள் வந்தால் செலவு குறையும் என்கிறார்களே?

குறையலாம். தொழிற்சாலையில் செய்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து பொருத்துவது என்ற யோசனை, பேனல் விலை இறங்கிய அதே பாதையைப் பிடிக்கப் பார்க்கிறது. சிக்கல் என்னவென்றால் சிறிய உலையில் யூனிட்டுக்கு ஆகும் இரும்பும் கான்கிரீட்டும் காவலாளியும் அதிகம். அதை ஈடுகட்ட நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். விலை இறங்காமல் நூறு பேர் வாங்க மாட்டார்கள், நூறு பேர் வாங்காமல் விலை இறங்காது. அமெரிக்காவில் நுஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டத்தில் ஆயிரம் யூனிட்டின் விலை 58 டாலரிலிருந்து 89 டாலருக்கு ஏறியது, வாங்குவதாகச் சொன்ன ஊர்கள் பின்வாங்கின, 2023 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. ரஷ்யா 2020 முதல் 35 மெகாவாட் உலைகள் இரண்டைக் கப்பலில் வைத்து ஆர்க்டிக் கரையில் ஓட்டுகிறது. சீனாவும் கட்டுகிறது. ஓடும் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணலாம். இதை நம்பி இன்றைய திட்டத்தைத் தள்ளிப்போடுவது சரியில்லை.

போர் வந்தால்? வெளிநாட்டை நம்பியிருக்க வேண்டுமே?

உக்ரைனின் சப்போரிஷியா ஐரோப்பாவின் மிகப் பெரிய அணுமின் நிலையம், ஆறு உலைகள். 2022 மார்ச்சில் ரஷ்யப் படைகள் அதைப் பிடித்தன. உலைகளை நிறுத்தியும் குளிர்விக்க மின்சாரமும் தண்ணீரும் வேண்டும், வெளி மின்கம்பி பல தடவை அறுந்தது. 2023 ஜூனில் ககோவ்கா அணை உடைந்தபோது குளிர்விக்கும் நீரின் ஆதாரமே போயிற்று. அதே போரில் ஓர் அணுமின் நிலையமும் ஒரு நீர்மின் அணையும் பணயமாயின. சோலார் பண்ணையைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது.

சார்பு இரண்டு பக்கமும் உண்டு. யுரேனியத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் கசகஸ்தானில் வெட்டுகிறார்கள், செறிவூட்டும் திறனில் 40 சதவீதத்துக்கு மேல் ரஷ்யாவிடம். பேனல் தயாரிப்பின் எல்லாக் கட்டங்களிலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவில். ஆனால் எண்ணெயைப் போல மாதாமாதம் கையேந்த வேண்டாம். வாங்கிய பேனல் 25 ஆண்டு ஓடும், யுரேனியத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்து வைக்கலாம். குண்டு விஷயத்தில்தான் அணுவுக்குத் தனிக் களங்கம்: செறிவூட்டும் கருவி மின்சாரத்துக்கும் ஆயுதத்துக்கும் ஒன்றேதான், எத்தனை தூரம் ஓட்டுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

ஜெர்மனி செய்தது தவறா?

வரிசை தவறு. கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று மூடினார்கள். பழுப்பு நிலக்கரி நிலையங்களோ 2038 வரை ஓடலாம் என்று சட்டம் சொல்கிறது. மூடிய உலைகள் கட்டிய கடன் தீர்ந்தவை, நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. அதே 2023இல் புதுப்பிக்கத்தக்கவை அந்த நாட்டின் மின்சாரப் பயன்பாட்டில் பாதியைத் தாண்டின, நிலக்கரியும் குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் நிலக்கரி, அப்புறம் உலை என்று போயிருந்தால் இன்னும் குறைந்திருக்கும்.

உங்கள் முடிவுதான் என்ன?

ஓடும் உலை பாதுகாப்புச் சோதனையில் தேறினால் ஓடட்டும். அதை மூடுவது கடைசி வேலை. புதிதாகச் செலவழிக்கும் பணம் முதலில் சோலார், காற்றாலை, மின்தடம், சேமிப்புக்குப் போகட்டும், ஏனென்றால் இந்தப் பத்தாண்டில் புகையைக் குறைப்பது அவைதான். இன்று முடிவெடுக்கும் உலை 2030களின் பிற்பாதியில்தான் மின்சாரம் தரும். வெயிலும் காற்றும் நிலமும் குறைந்த நாடு, அல்லது உலை கட்டும் பழக்கம் விட்டுப்போகாத நாடு, புதிய உலை கட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழக்கம் விட்டுப்போன நாடு ஒன்றே ஒன்று கட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினால், அதன் கதி மேலே சொன்ன ஃபிளமான்வில் கதிதான்.

2023இல் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் 2030க்குள் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை மும்மடங்காக்குவோம் என்று உறுதி கொடுத்தன. அங்கேயே இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் 2050க்குள் அணுசக்தியை மும்மடங்காக்குவோம் என்றன. இரண்டு பட்டியலிலும் பெயர் கொடுத்த நாடுகளும் உண்டு. ஆண்டுகளைக் கவனியுங்கள்: ஒன்று 2030, மற்றது 2050.

அணுவைப் பிளக்காமல் சிறு அணுக்களை ஒன்றாக்கி ஆற்றல் எடுக்கும் அணு இணைவு வந்துவிட்டால் இந்தப் பேச்சே தேவையில்லையே?

2022 டிசம்பரில் அமெரிக்க ஆய்வகம் ஒன்று லேசர் மூலம் 2.05 மெகாஜூல் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல்.